பெட்டி சேர்ப்பதும் புழங்குவதும்: கடற்கரை ஊர் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு அழகான பழைய பெட்டிகளைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இங்கே அடிக்கும் காற்றை. உப்பும் ஈரமும் கலந்த இந்தக் காற்றில், பூட்டி வைத்த பெட்டிதான் சீக்கிரம் கெடுகிறது. தினம் நாலு தடவை திறந்து மூடும் அஞ்சறைப்பெட்டி மூன்று தலைமுறை பார்த்துவிடுகிறது. துணி சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்த நகைப்பெட்டியோ உள்ளே பூஞ்சை பூத்து, கீல் துருப்பிடித்துக் கிடக்கிறது. கையில் புழங்கும் பெட்டிக்குள் காற்று போய் வருகிறது, தூசி தங்குவதில்லை, பூச்சி வந்தால் அன்றைக்கே கண்ணில் படுகிறது.

அதனால் நான் சொல்லப்போவது எல்லாமே ஒரு கொள்கையை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை வேண்டும், ஓர் இடம் வேண்டும். இரண்டும் மனதில் தோன்றாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடலாம்.

படி 1: சொந்த வீட்டில் தேடுங்கள்

பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் பரண், கட்டிலுக்கு அடி, பூஜை அறை மூலை, கிராமத்து வீட்டின் நெல் அறை எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெற்றிலைச் செல்லம், சுண்ணாம்பு டப்பி, குங்குமச் சிமிழ், கடை வைத்திருந்த தாத்தாவின் கல்லாப்பெட்டி, சாய்ந்த மூடி போட்ட கணக்குப்பிள்ளை பெட்டி, பூப்போட்ட தகர டிரங்குப்பெட்டி, ஊசிநூல் குடியிருக்கும் நீல நிற டேனிஷ் பிஸ்கட் டின். இவற்றில் இரண்டு மூன்றாவது பெரும்பாலான வீடுகளில் அகப்படும்.

பெட்டி கிடைத்தவுடன் துடைக்க ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். “ஆயா, இதுல முன்னாடி என்ன வெச்சிருந்தீங்க?” என்று கேளுங்கள். ‘இது யாருடையது’ என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் கல்யாணம், பயணம், அடகுக்கடை, பஞ்சம் எல்லாம் வெளியே வரும். அவர்கள் பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நம் வட்டாரத்து வீடுகளுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கொடுப்பினை உண்டு. நான்கு திசையிலிருந்தும் பெட்டிகள் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பலர் பட்டாளத்திலும் அரசு வேலையிலும் வியட்நாமின் சைகோன் போனார்கள். அங்கிருந்து வந்த அரக்குப் பூச்சுப் பெட்டிகள் கருப்பாக மின்னும். மூடியில் முத்துச்சிப்பியை வெட்டிப் பதித்து மூங்கில், கொக்கு, ஓடம் என்று படம் போட்டிருப்பார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுடைய வீடுகளில் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவந்த சாக்லேட் டின், பிஸ்கட் டின், சோம்பு மிட்டாய் டப்பி, அதிர்ஷ்டம் இருந்தால் பிரான்ஸின் லிமோஜ் ஊர்ப் பீங்கான் சிமிழும் இருக்கும். சிங்கப்பூர், மலாயா போய்வந்தவர்கள் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கற்பூரமரப் பெட்டியைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனைக்காகவே பட்டுப்புடவைகளை அதில் வைப்பது வழக்கம். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு கட்டப்பட்டது. அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1962-இல். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், ரஷ்ய அரக்குச் சிமிழ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: ஒரு சரடு பிடித்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அடுத்த வருடம் வீடு குடோனாகிவிடும். ஒரு சரடு வேண்டும். பொருளை வைத்துப் பிரிக்கலாம்: பித்தளை மட்டும், தகரம் மட்டும் என்று. பயனை வைத்துப் பிரிக்கலாம்: வெற்றிலை தொடர்பானவை, தையல் தொடர்பானவை என்று. அளவை வைத்தும் பிரிக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் சிமிழ்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சின்ன வீட்டிலும் பெரிய தொகுப்பு நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சரடு காகிதக்கூழ். புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் திருக்கனூரில் காகிதக்கூழால் பொம்மையும் பெட்டியும் செய்கிறார்கள். அந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இதே காகிதக்கூழில்தான் காஷ்மீரின் பூவேலைப் பெட்டிகளும் உருவாகின்றன. ரஷ்யாவில் ஃபெதோஸ்கினோ, பாலேக், ம்ஸ்த்யோரா, ஹொலுய் என்ற நான்கு ஊர்கள் பேர்பெற்றது காகிதக்கூழில் செய்து, பெரும்பாலும் வெளியே கருப்பும் உள்ளே சிவப்புமாக அரக்கு பூசிய பெட்டிகளால்தான். திருக்கனூர்ப் பெட்டி ஒன்று, காஷ்மீர்ப் பெட்டி ஒன்று, ரஷ்யச் சிமிழ் ஒன்று. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள், பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு மனிதக் கை என்னவெல்லாம் செய்கிறது என்று புரியும்.

தகரம் பிடிக்கிறவர்களுக்கும் நல்ல கதை உண்டு. படம் போட்ட பிஸ்கட் டின்னை இங்கிலாந்தின் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனி 1868-இல் கொண்டுவந்தது. தீர்ந்ததும் தூக்கிப் போடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி டின்னைச் செய்ய வேண்டும் என்ற யோசனை அது, நம்மூர் சமையலறைகளில் இன்றும் வேலை செய்கிறது. பிரான்ஸின் நாந்த் நகரில் 1846-இல் தொடங்கிய லூ கம்பெனியின் டின்களும் இந்த வரிசையில் வரும்.

படி 3: எங்கே தேடுவது

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணிமணிக் கடைகள்தான் அதிகம். ஆனாலும் நடைபாதையில் பழைய நாணயம், பூட்டு, விளக்கு என்று பரப்பி வைத்திருப்பவர்களை விடாமல் பாருங்கள். காலையில் கடை விரிக்கும் நேரத்தில் போனால் நல்லது. மூட்டை பிரிக்கும்போதே பார்த்துவிடலாம்.

அதைவிட நல்ல இடம், யாரும் யோசிக்காத இடம், பாத்திரக்கடை. புதுப் பாத்திரம் வாங்குகிறவர்கள் பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் குவியல் நேராக உருக்கப் போகிறது. திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பழகிய முகமாகிவிட்டு, “அண்ணே, உருக்க அனுப்புறதுக்கு முன்னாடி செல்லம், டப்பா மாதிரி எது வந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்று சொல்லி வையுங்கள். எடை விலையோடு கொஞ்சம் சேர்த்துக் கேட்பார்கள், கொடுக்கலாம். நீங்கள் கேட்காவிட்டால் அது அடுத்த வாரம் குழாயாகிவிடும்.

போகிக்கு முந்தின வாரம் பழைய இரும்புக் கடைகளையும் ஒரு சுற்று வாருங்கள். வீடு வெள்ளையடிக்கும்போது தகரப்பெட்டிகளும் பூட்டுப் போன மரப்பெட்டிகளும் வெளியே வரும் காலம் அது.

புதிதாகச் செய்தவை என்றால் குறைவாக நினைக்க வேண்டாம். திருக்கனூர்க் காகிதக்கூழ், வில்லியனூர்ச் சுடுமண், முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம், ஆரோவில் பட்டறைகள், ஆசிரமத்துக் கைக்காகிதம் ஒட்டிய பெட்டிகள் எல்லாம் இன்று வாங்கிப் புழங்கினால் நாற்பது வருடத்தில் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பழம்பொருள். செய்தவரிடமே வாங்க முடிந்தால் அவர் பெயரையும் தேதியையும் அடியில் பென்சிலால் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

படி 4: கையில் எடுத்துப் பார்க்கும் விதம்

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம், ஒரு லென்ஸ், போன் டார்ச். இவை போதும்.

முதலில் திறந்து முகருங்கள். பூஞ்சை வாசனை அடித்தால் அது போக மாதக்கணக்காகும். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம். வாசனைத் தைலம் தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கற்பூரமரம் என்று சொன்னால், வாசனை மரத்தின் உட்புறத்திலிருந்து வருகிறதா, உள்ளே போட்ட உருண்டையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது காந்தம். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம். அப்படியிருந்தால் வாங்கக் கூடாது என்றில்லை; பித்தளை விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மரப்பெட்டியில் மூலையைப் பாருங்கள். நல்ல தச்சர் பலகைகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்திருப்பார். வெறும் ஆணியும் பசையும் என்றால் அவசர வேலை. அப்புறம் திருகாணி. நட்சத்திரத் தலை கொண்ட ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ‘இருநூறு வருசத்துப் பெட்டி’யின் கீலில் அது இருந்தால், ஒன்று கீல் பிற்பாடு மாற்றியது, இல்லையென்றால் பெட்டியே புதுசு. பழைய கீலைக் கழற்றிய தழும்பு மரத்தில் தெரிகிறதா என்று பார்த்தால் எது என்று விளங்கிவிடும்.

அடியைத் திருப்பித் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால், ஊசி குத்தியதுபோல் சின்ன வட்டத் துளைகள் இருந்தால், மரம் உளுத்திருக்கிறது. தூள் இல்லாத பழைய துளைகள் பரவாயில்லை. வண்டு எப்போதோ வெளியேறிவிட்டது. புதுத் தூள் கொட்டும் பெட்டியை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், வீட்டு நிலைக்கதவையும் கட்டிலையும் நினைத்து யோசியுங்கள்.

சிப்பிப் பதிப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக்கில் மினுமினுப்பு ஒரே மாதிரி இருக்கும். லிமோஜ் என்று சொல்லித் தரும் பீங்கான் சிமிழில், உட்புறமோ அடியிலோ ஊர்ப் பெயரும், கையால் தீட்டியது என்ற பிரெஞ்சு வாசகமும் இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். லென்ஸில் பார்க்கும்போது படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு; தூரிகை இழுத்த தடம், நிறத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்தால் கை வேலை. 1760-களின் இறுதியில் லிமோஜ் அருகே வெள்ளைக் களிமண் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்த ஊர் பீங்கானுக்குப் பேர்போனது. பெயரை மட்டும் ஒட்டிய போலிகளும் அதனாலேயே அதிகம்.

கடைசியாக மூடி. பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். தினம் புழங்கப்போகிற பெட்டிக்கு மூடிதான் உயிர். வேலைப்பாடு சுமாராக இருந்து மூடி கச்சிதமாக உட்காரும் பெட்டியையே நான் எடுப்பேன்.

படி 5: சட்டம் தொடர்பாக இரண்டு வார்த்தை

யானைத்தந்தம், கடலாமை ஓடு பதித்த பழைய பெட்டிகள் கண்ணில் படலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். குடும்பத்தில் பரம்பரையாக இருந்தால் உரிமைச் சான்று பற்றி வனத்துறையிடம் கேளுங்கள், விலை பேசாதீர்கள்.

இன்னொன்று, பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைப் பேத்தி பெட்டியில் வைத்துப் பாரீஸ் கொண்டுபோக ஆசைப்பட்டால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது. விமான நிலையத்தில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

படி 6: வீட்டுக்குள் விடும் முன்

புதிதாக வந்த பெட்டியை நேராக அலமாரியில் மற்றவற்றோடு வைக்காதீர்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல், தனியாக, மூன்று வாரம் வையுங்கள். மரமென்றால் காகிதத்தில் தூள் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விழுந்தால், வேலைப்பாடில்லாத சின்னப் பெட்டிக்கு மருந்தில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துவிடும். சிப்பி பதித்தது, அரக்கு பூசியது, படம் வரைந்தது எதையும் இப்படிச் செய்யாதீர்கள், வெடித்துவிடும்.

சுத்தம் செய்வதில் நம் வழக்கங்கள் சில பெட்டிகளுக்கு ஆகாது. பித்தளை என்றதும் புளி போட்டுத் தேய்க்கக் கை போகும். தினம் சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்துக்கு அது சரி. நுண்ணிய செதுக்கு வேலை உள்ள பெட்டியில் புளிச்சாறு பள்ளங்களில் தங்கிப் பச்சை பூக்கும்; வருடக்கணக்காக ஏறிய அந்தப் பழுப்புப் பொன்னிறமும் போய்விடும். இளஞ்சூடான சோப்புத் தண்ணீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ், உடனே துடைத்து உலர்த்துதல், இவ்வளவு போதும். திருநீறு போட்டு வெள்ளி துடைப்பதும் முழு வெள்ளிக்குச் சரி. முலாம் பூசியதில் தேயத் தேய உள்ளிருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும்.

மரத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பழைய மரத்தைச் சானிடைசர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழங்காலப் பாலிஷ் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. ஸ்பிரிட் பட்டால் இளகி வந்துவிடும். தேன்மெழுகு கலந்த பாலிஷை மல் துணியில் துளி எடுத்து மெல்லத் தேய்த்தால் மரம் தானாகவே மினுங்கும். ‘புதுசு மாதிரி ஆக்கித் தரேன்’ என்று வார்னிஷ் டப்பாவோடு வருபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கற்பூரமரப் பெட்டியின் உட்புறத்தில் எதையுமே பூசக் கூடாது, வாசனை அடைபட்டுவிடும். மங்கிப்போயிருந்தால் உள்ளே மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மறுபடி வரும்.

படம் போட்ட தகரம்தான் ரொம்ப நாசூக்கு. ஈரப் பஞ்சை அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் வராவிட்டால் மட்டும் மேலே போங்கள். லேசான துருவைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் எடுக்கலாம். சைகோன் அரக்குப் பெட்டிக்கு நம் ஈரக் காற்று ஒத்துக்கொள்ளும். அதற்குப் பகை வெயிலும் ஏசிக் காற்றின் வறட்சியும்தான்.

உள்ளே வெல்வெட் ஒட்டுவது வேண்டாம். பசையும் வெல்வெட்டும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய வேட்டித் துணியைக் கஞ்சி போக நன்றாக அலசி, காயவைத்து, ஒட்டாமல் விரியுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும்.

படி 7: ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

வாசலுக்கு அருகே, சாவிக்கும் சில்லறைக்கும் ஒரு திறந்த வாய்ப் பெட்டி. கல்லாப்பெட்டி இதற்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். அதன் தட்டில் சில்லறை, அடியில் கரன்ட் பில், ரசீது.

கூடத்தில் கணக்குப்பிள்ளை பெட்டியை வைத்தால் அதன் சாய்ந்த மூடி மேல் செய்தித்தாள் வைத்துப் படிக்கலாம், உள்ளே ரிமோட், மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர். இன்றைக்கு வீட்டில் அலங்கோலமாகக் கிடக்கும் பொருள்களில் பாதி ஒயர்தான். அவற்றை விழுங்க டிரங்குப்பெட்டியைப் போல் எதுவும் இல்லை; மேலே ஒரு மெத்தை போட்டால் உட்காரவும் ஆகும்.

பூஜை அறையில் சிமிழ்கள் தம் பழைய வேலையையே பார்க்கட்டும். சூடத்தை மட்டும் அரக்குப் பெட்டியிலோ பிளாஸ்டிக் டப்பியிலோ வைக்காமல் பித்தளையிலோ கண்ணாடியிலோ வையுங்கள். நவராத்திரிக்குப் பண்ருட்டிப் பொம்மைகளை அடுக்கும்போது, தட்டைமூடிப் பெட்டிகளைப் படியின் மேல் பீடமாக வைத்தால் பின்வரிசைப் பொம்மையும் தெரியும்.

சமையலறையில் எச்சரிக்கை தேவை. பித்தளை அஞ்சறைப்பெட்டியில் கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மல்லி போன்ற காய்ந்த சாமான்களை வைக்கலாம். உப்பும் புளியும் ஈயம் பூசாத பித்தளையில் வைக்கவே கூடாது. பழைய பெயின்ட் அடித்த தகர டின்களில், பெயின்டில் காரீயம் இருந்திருக்கலாம் என்பதால், பண்டம் எதையும் நேராகப் போடாதீர்கள். அவை ஊசிநூலுக்கும் பட்டனுக்கும் இருக்கட்டும்.

படுக்கையறையில் முத்து நகை வைக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட வேண்டாம். முத்துக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, துணியில் சுற்றினால் போதும். வெள்ளி கருக்கக் காரணம் கந்தகம். ரப்பர் பேண்ட், கம்பளி இரண்டையும் வெள்ளியோடு சேர்க்காதீர்கள்.

குளியலறையிலும், கடலைப் பார்த்த ஜன்னல் திட்டிலும், மேற்கு வெயில் விழும் சுவரிலும் பெட்டி வைக்க இடமே கிடையாது. வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறும்.

படி 8: நினைவுகளை வைக்கும் பெட்டி

ஒரு பெட்டி வீட்டின் நினைவுகளுக்கென்றே இருக்க வேண்டும். ஏரோகிராம் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகை, குழந்தையின் முதல் கொலுசு, விழுந்த முதல் பல், தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கம், பாட்டியின் மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றையும் திணித்தால் அது குப்பைத்தொட்டியாகிவிடும். ஆளுக்கு ஒரு பெட்டி, அதில் அடங்குகிற அளவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று உள்ளே.

காகிதமும் போட்டோவும் மரத்தைத் தொடக் கூடாது. மரத்திலிருந்து, முக்கியமாகப் புதுப் பலகையிலும் பிளைவுட்டிலுமிருந்து, வெளிவரும் அமில ஆவி காகிதத்தைப் பழுப்பாக்கும். பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதம் புதுச்சேரியில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. சாயம் போடாத வெள்ளைத் தாளாக வாங்கி உறை மடித்து, போட்டோவை அதற்குள் வையுங்கள். செல்லோ டேப், ரப்பர் பேண்ட், குண்டூசி மூன்றையும் எடுத்துவிடுங்கள். கடை பில் மாதிரி வெப்பத்தில் அச்சாகும் தாள்கள் வெளுத்துப்போகும், முக்கியமானதை நகலெடுத்துத்தான் வைக்க வேண்டும்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலையும் தட்டிய வசம்பும் மெல்லிய துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், பொருளைத் தொடாமல். சிலிக்கா ஜெல் பயன்படுத்தினால் அது ஈரம் குடித்து நிறைந்தபின் நூற்றுப் பத்து, நூற்றிருபது டிகிரி சூட்டில் ஓவனில் ஓரிரு மணி நேரம் வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் போதாது.

பெட்டிக்குள்ளேயே அதன் சீட்டு இருக்கட்டும். யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த வருடம், முன்பு உள்ளே என்ன இருந்தது, எங்கே என்ன விலைக்கு வாங்கியது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். அதே சீட்டைப் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மாதம் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து, நிழலில், எல்லாப் பெட்டிகளையும் அரை மணி திறந்து வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

படி 9: ஐப்பசி, கார்த்திகைக்கு முன்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெங்கல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே கட்டிலுக்கடியில் எந்தப் பெட்டியையும் விட்டுவைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள். நினைவுப் பெட்டியை மட்டும் ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். மழை விட்டதும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அங்கே காற்றே கிடையாது.

அப்படியும் நனைந்துவிட்டால் அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். மரம் முறுக்கும், ஒட்டு விடும். சேற்றை நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, மூடியைத் திறந்து, உள்ளே அச்சிடாத வெற்றுத் தாளைக் கசக்கி அடைத்து, ஃபேன் காற்று படும் நிழலில் வையுங்கள். தாள் ஊற ஊற மாற்றுங்கள். விட்டுப்போன சில்லு, சிப்பித் துண்டு எல்லாவற்றையும் ஓர் உறையில் சேர்த்து வைத்தால் பிற்பாடு ஒட்டலாம். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சுத்தமான தண்ணீரில் போட்டுத் தானாகப் பிரிய விட்டு, படம் மேலே பார்க்கும்படி துணியில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை கிளம்பிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் காயவைக்க முடியாத அளவு இருந்தால், கடிதங்களையும் போட்டோக்களையும் பிளாஸ்டிக் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பை என்று எடுத்துக் காயவைக்கலாம். கரன்ட் இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் உறவினர் வீட்டு ஃப்ரீசரைக் கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் எடுத்த போட்டோ, மிகப் பழைய உலோகத் தகட்டுப் போட்டோ இரண்டையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

காய்ந்த பெட்டியை உடனே பழைய இடத்தில் சேர்க்காமல், படி 6-இல் சொன்ன வெள்ளைக் காகிதத்தின் மேல் மறுபடி மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள்.